முழு டெம்ப்ளேட்டையும் ஏற்றாமல் வேண்டிய துண்டை மட்டும் சோதிப்பது எப்படி? மலையகத்திலிருந்து கிளவுட் வேலை செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் வீட்டிலிருந்தபடியே கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் கிளவுட் வேலை செய்கிற நம் பிள்ளைகள் பலர் ஒரே மாதிரித் திண்டாடுகிறார்கள். ஃபங்ஷனில், அதாவது ஒரு வேலையைச் செய்யும் சிறு நிரலில், ஒரு வரியை மாற்றுகிறார்கள். அது சரியா என்று பார்க்க, கிளவுட்டில் என்னென்ன எழும்ப வேண்டும் என்று எழுதிவைத்த முழு டெம்ப்ளேட்டையும் புதிதாக ஏற்றுகிறார்கள். நெட்வேர்க் எழும்ப வேண்டும், டேட்டாபேஸ் எழும்ப வேண்டும், கடைசியில்தான் அந்த ஃபங்ஷனுக்கு முறை வரும். அதற்குள் மழை பிடித்துக் கரண்ட் போய்விடும், அல்லது ரவுட்டர் சிக்னலைத் தேட ஆரம்பிக்கும். அந்த ஒரு வரி சரியா பிழையா என்பது மாலை வரை தெரியாது.

மாற்றிய பகுதியை மட்டும் தனியாக ஏற்றிச் சோதிக்க முடியும். ஆனால் அதற்கு ஏற்ற மாதிரி டெம்ப்ளேட் முதலிலேயே வெட்டப்பட்டிருக்க வேண்டும். எப்படி வெட்டுவது, எப்படி இணைப்பது, எங்கே கவனம் வேண்டும் என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பெரும்பாலும் ஏ.டபிள்யூ.எஸ். என்ற அமேசோன் கிளவுட்டில் டெம்ப்ளேட்டை வாசித்து வளங்களை (டேட்டாபேஸ், வரிசை போன்றவற்றை) எழுப்பும் கிளவுட்ஃபோர்மேஷனை வைத்தே பேசுகிறேன். அதே வேலைக்கான மற்றக் கருவிகளான டெராஃபோர்ம், சி.டி.கே. பாவிப்பவர்களுக்கான விஷயம் பின்னால் வருகிறது.

பேசுவதற்கு ஒரு எடுத்துக்காட்டு வேண்டும். ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுவையைப் பதியும் முறைமை என்று வைத்துக்கொள்வோம். மடுவத்தில் டிஜிட்டல் தராசு, பக்கத்தில் ஒரு ஃபோன். ஃபோன் அனுப்பும் நிறை ஒரு எஸ்.கியூ.எஸ். வரிசையில் (செய்திகள் காத்திருக்கும் இடம்) விழும். லம்டா என்ற சேவையில் ஓடும் ஒரு ஃபங்ஷன் அதை எடுத்துக் கணக்கிட்டு, போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் எழுதும். தோட்ட ஒஃபிஸுக்கான அறிக்கைப் பக்கம் எஸ்3 பக்கெட்டிலும் (ஃபைல்களைச் சேமிக்கும் இடம்) அதைப் பார்ப்பவர்களுக்குக் கொண்டுசேர்க்கும் கிளவுட்ஃபிரண்ட்டிலும் இருக்கும். இதெல்லாம் ஒரே டெம்ப்ளேட்டில்.

படி 1: நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்

கடைசியாக ஏற்றிய ஸ்டாக்கின் (ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து எழும்பிய வளங்களின் தொகுதி) நிகழ்வுப் பட்டியலைத் திறந்தால், ஒவ்வொரு வளமும் எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எஸ்.கியூ.எஸ். வரிசை, லம்டா, அதற்கு அனுமதிகளைக் கொடுக்கும் ஐ.ஏ.எம். ரோல் எல்லாம் சீக்கிரமாக முடிந்துவிடும். ஆர்.டி.எஸ். என்ற சேவையில் எழுப்பும் டேட்டாபேஸ் 10 நிமிடம் அளவில் எடுப்பது சாதாரணம். கிளவுட்ஃபிரண்ட்டும், உள் நெட்வேர்க்கிலிருந்து இணையத்துக்கு வழிவிடும் நாட் கேட்வேயும் நிமிடக்கணக்கில் இழுக்கும். அதாவது நீங்கள் தினமும் மாற்றுகிற பகுதி வேகமானது. மாதக்கணக்கில் தொடாத பகுதிக்காகத்தான் தினமும் காத்திருக்கிறீர்கள்.

படி 2: எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வரையுங்கள்

ஒரு கடதாசியை எடுங்கள். ஒவ்வொரு வளத்தையும் ஒரு கட்டமாகப் போட்டு, டெம்ப்ளேட்டில் ஒரு வளம் இன்னொன்றைச் சுட்டும் ரெஃப், கெட்ஆட், டிபெண்ட்ஸ்ஆன் வருகிற இடமெல்லாம் ஒரு கோடு இழுங்கள். கோடுகள் குறைவாகப் போகிற இடத்தில்தான் வெட்ட வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஃபங்ஷனுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே டேட்டாபேஸ் முகவரி, யாரை உள்ளே விடுவது என்ற விதிகளுள்ள செக்யூரிட்டி குரூப் என்று இரண்டே கோடுகள். அறிக்கைப் பக்கத்துக்கும் நிறுவை வரிசைக்கும் நடுவே ஒன்றுமே இல்லை.

படி 3: மாறும் வேகத்தைப் பார்த்து வெட்டுங்கள்

பலர் சேவை வகையைப் பார்த்து வெட்டுகிறார்கள்: ஐ.ஏ.எம். எல்லாம் ஒரு ஃபைல், லம்டா எல்லாம் ஒரு ஃபைல், வரிசைகள் எல்லாம் ஒரு ஃபைல். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ஒரு ஃபங்ஷனைச் சோதிக்க மூன்று ஸ்டாக்கையும் ஏற்ற வேண்டி வரும். வெட்டியதால் எந்தப் பயனும் இல்லை.

ஒன்றாக மாறுகிறவை ஒன்றாக இருக்கட்டும். வி.பி.சி. (உங்கள் தனி நெட்வேர்க்), அதன் பிரிவுகளான சப்நெட் ஆகியவை ஒரு துண்டு. அது வருடத்தில் ஓரிரு தடவைதான் மாறும். டேட்டாபேஸும் நிரந்தர பக்கெட்டும் அடுத்த துண்டு. வரிசை, ஃபங்ஷன், அதன் ரோல், அதன் அலாரம் எல்லாம் சேர்ந்து ஒரு துண்டு. தினமும் அடிபடுவது இதுதான். கிளவுட்ஃபிரண்ட் தனித் துண்டு. ஃபங்ஷனின் ரோல் ஃபங்ஷனோடுதான் இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நிரலில் புதிதாக ஒரு அழைப்பு வந்தால் அனுமதியும் அதே நாளில் மாறும்.

செக்யூரிட்டி குரூப்பில் ஒரு சிக்கல் வரும். டேட்டாபேஸின் குரூப் ஃபங்ஷனின் குரூப்பை உள்ளே விட வேண்டும். அந்த விதியை டேட்டாபேஸ் துண்டில் எழுதினால், மெதுவான துண்டு வேகமான துண்டை எதிர்பார்த்து நிற்கும். அதனால் உள்வரும் விதியை மட்டும் தனி வளமாக எடுத்து, ஃபங்ஷன் துண்டில் வையுங்கள். டேட்டாபேஸ் துண்டு தன் குரூப்பின் அடையாளத்தை மட்டும் வெளியே கொடுத்தால் போதும். வேகமான துண்டு மெதுவானதைப் பார்க்கலாம், மெதுவானது வேகமானதைப் பார்க்கக் கூடாது. வெட்டும்போது இந்த ஒரு விதியை விடாதீர்கள்.

ஒரு ஸ்டாக்கில் 500 வளங்கள் வரை வைக்கலாம், டெம்ப்ளேட் எஸ்3 வழியாகப் போனால் 1 எம்.பி. வரை இருக்கலாம். இந்த எல்லைகளைத் தொடும்வரை பொறுத்திருந்து வெட்டாதீர்கள். அப்போது கோடுகள் சிக்குப்பட்டுப் போயிருக்கும்.

படி 4: வெட்ட நேரமில்லையா? கண்டிஷன் வையுங்கள்

பழைய பெரிய டெம்ப்ளேட்டை உடனே பிரிக்க முடியாத நிலை வரும். அப்போது ‘அறிக்கைப் பக்கம் வேண்டுமா’ என்பது போல ஒரு பராமீட்டர் (ஏற்றும்போது நீங்கள் கொடுக்கும் மதிப்பு) வைத்து, அதிலிருந்து ஒரு கண்டிஷன் (நிபந்தனை) செய்து, கிளவுட்ஃபிரண்ட் வளத்தில் போடுங்கள். சோதனை ஸ்டாக்கில் ‘இல்லை’ என்று கொடுத்தால் அது எழும்பாது.

அந்த வளத்தைச் சுட்டுகிற மற்ற இடங்களையும் கவனிக்க வேண்டும். எழும்பாத வளத்தை ரெஃப் செய்தால் டிப்ளோய், அதாவது ஏற்றும் வேலை, நின்றுவிடும். அங்கே இஃப் போட்டு, ‘இல்லை’ என்ற பக்கத்தில் நோவேல்யூ கொடுங்கள். அந்தப் பண்பே எழுதப்படாதது போல ஆகிவிடும். அவுட்புட்களுக்கும் அதே கண்டிஷனைப் போட மறக்காதீர்கள். கண்டிஷன் பராமீட்டர்களையும் டெம்ப்ளேட்டில் எழுதிய மேப்பிங் அட்டவணைகளையும்தான் பார்க்கும். ஒரு வளம் எழும்பிய பிறகு கிடைக்கும் மதிப்பை வைத்து முடிவெடுக்காது.

இதில் ஓர் ஆபத்து உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கில் கண்டிஷனை ‘இல்லை’ என்று மாற்றி அப்டேட் செய்தால், கிளவுட்ஃபோர்மேஷன் அந்த வளத்தை அழித்துவிடும். சோதனைக்காக என்று நினைத்து டேட்டாபேஸ் கண்டிஷனை அணைத்தால் டேட்டாபேஸ் போய்விடும். ஆகவே சோதனை எப்போதும் வேறு பெயரில் புது ஸ்டாக்கில்தான். நிரந்தரத் தரவு உள்ள வளங்களுக்கு டிலீஷன் பொலிசியை (அழிக்கும்போது என்ன செய்வது என்ற அமைப்பு) ரிட்டெய்ன், அதாவது ‘வைத்திரு’, என்று வைத்துவிடுங்கள்.

நெஸ்டட் ஸ்டாக் (ஒரு ஸ்டாக்குக்குள் இன்னொன்று) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலேயுள்ள தாய் டெம்ப்ளேட் வழியாகத்தான் பிள்ளை ஸ்டாக்குகளை அப்டேட் செய்ய வேண்டும். உள்ளே இருப்பதை நேரடியாகத் தொடுவது நல்லதல்ல. ஆனால் அதே பிள்ளை டெம்ப்ளேட்டை வேறு பெயரில் தனி ஸ்டாக்காக எழுப்புவதற்கு எந்தத் தடையும் இல்லை. தாய் கொடுக்கும் பராமீட்டர்களை நீங்களே கையால் கொடுத்தால் சரி. பிரிக்கிற வேலையில் பாதி ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

படி 5: துண்டுகளை எப்படி இணைப்பது

இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, ஒரு ஸ்டாக் தன் மதிப்பை எக்ஸ்போர்ட் செய்ய, மற்றது இம்போர்ட் வேல்யூவால் எடுப்பது. இது இறுக்கமான பிடி. ஒரு ஸ்டாக் இம்போர்ட் செய்திருக்கும்வரை அந்த எக்ஸ்போர்ட்டை மாற்றவோ அழிக்கவோ முடியாது. நெட்வேர்க் போல அசையாத துண்டுக்கு இந்த இறுக்கம் பாதுகாப்பு. டேட்டாபேஸ் முகவரிக்கு இதைப் போட்டால், ஐந்து பேருடைய சோதனை ஸ்டாக்குகள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். டேட்டாபேஸ் துண்டை அசைக்க முடியாமல் போகும்.

மற்றது பராமீட்டர் ஸ்டோர், அதாவது மதிப்புகளைப் பெயர் வைத்துச் சேமிக்கும் சேவை. டேட்டாபேஸ் துண்டு தன் முகவரியை அங்கே எழுதும். ஃபங்ஷன் துண்டு அந்தப் பெயரைப் பராமீட்டராக வாங்கும். சோதிக்கும்போது வேறு பெயரைக் கொடுத்தால் வேறு டேட்டாபேஸோடு பேசும். எனக்கு இதுதான் பிடிக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: மதிப்பு டிப்ளோய் செய்யும் நேரத்தில் வாசிக்கப்படும். பின்னர் ஸ்டோரில் மாற்றினாலும், அடுத்த அப்டேட் வரை ஸ்டாக் பழையதையே வைத்திருக்கும்.

குழுவுக்கு ஒரு சிறிய பொது டேட்டாபேஸ் துண்டை எழுப்பி வாரம் முழுவதும் விட்டுவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் அதில் தனி ஸ்கீமா (பிரிவு). ஆளுக்கொரு ஆர்.டி.எஸ். எழுப்புவது நேரத்துக்கும் கேடு, டொலரில் வருகிற பில்லுக்கும் கேடு.

படி 6: பெயர்கள்

ஒரே துண்டைப் பலர் ஒரே ஏ.டபிள்யூ.எஸ். கணக்கில் எழுப்பும்போது பெயர் மோதும். வளத்துக்குக் கையால் பெயர் வைக்காமல் விட்டால் கிளவுட்ஃபோர்மேஷனே மோதாத பெயரைக் கொடுத்துவிடும். கட்டாயம் பெயர் வேண்டிய இடத்தில் ஸ்டாக் பெயரை முன்னால் சேருங்கள். எஸ்3 பக்கெட்டின் பெயரை வேறொருவரின் கணக்கில் யாரோ வைத்திருந்தால்கூட உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். கடவுச்சொற்களை வைக்கும் சீக்ரெட்ஸ் மனேஜரில் கொன்சோல் (ஏ.டபிள்யூ.எஸ். இணையப் பக்கம்) வழியாக ஒரு சீக்ரெட்டை அழித்தால், அது மீட்பு காலத்துக்காகக் குறைந்தது 7 நாட்கள் காத்திருக்கும். அதுவரை அதே பெயரில் இன்னொன்றை உருவாக்க முடியாது. ஒரு நாளில் பல தடவை எழுப்பி அழிக்கிறவருக்கு இது பெரிய தடை.

படி 7: ஏற்றுவதற்கு முன் லேப்டொப்பிலேயே பாருங்கள்

சி.எஃப்.என். லின்ட் என்ற இலவசக் கருவி இணையமே இல்லாமல் டெம்ப்ளேட்டை வாசித்து, இல்லாத பண்பு, தவறான வகை, உடைந்த ரெஃப் எல்லாவற்றையும் சொல்லிவிடும். கரண்ட் இல்லாத நேரத்தில் பட்டரியில் செய்யக்கூடிய வேலை இது. பிறகு இணைப்பு வந்ததும் சேஞ்ச் செட் ஒன்றை உருவாக்குங்கள். எது சேரும், எது மாறும், எது போகும் என்று பட்டியல் வரும். அதில் ரீப்ளேஸ்மென்ட் என்ற பத்தியில் ட்ரூ என்று இருந்தால், பழைய வளத்துக்குப் பதிலாகப் புதியதொன்று வரப்போகிறது. டேட்டாபேஸ் பெயருக்கு நேரே அப்படி இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ஏற்றுவதில் நம் பக்கத்து இணைப்புக்கு உண்மையில் பாரமானது டெம்ப்ளேட் அல்ல, ஃபங்ஷனின் ஸிப் ஃபைல். பெரிய நூலகங்களை (மற்றவர்கள் எழுதிய நிரல் தொகுப்புகளை) லேயர் என்ற தனிப் பொதியாக்கி மெதுவான துண்டில் வைத்துவிட்டால், தினமும் ஏற்றுவது உங்கள் சொந்த நிரல் மட்டும்தான். அது சில கே.பி.யோடு முடிந்துவிடும்.

படி 8: ஏற்றுங்கள், விழுந்தால் அங்கேயே பிடியுங்கள்

இலங்கையில் ஏ.டபிள்யூ.எஸ். ரீஜியன் (தரவு மையங்கள் உள்ள பிரதேசம்) இல்லை. மும்பாய், ஹைதராபாத், சிங்கப்பூர் ஆகியவை பக்கத்தில் இருப்பவை. உற்பத்தி எந்த ரீஜியனில் ஓடுகிறதோ அங்கேயே சோதனையும் ஓடட்டும்.

வழக்கமாக ஒரு வளம் தோற்றால் முழு ஸ்டாக்கும் பின்வாங்கும். புதிதாக எழுப்பிய ஸ்டாக் அப்படிப் பின்வாங்கி முடித்தால், அதை அழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. சோதனை ஸ்டாக்கில் பின்வாங்கலை நிறுத்தி வையுங்கள். வெற்றிகரமாக எழும்பியவை அப்படியே நிற்கும். பிழையைத் திருத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இப்போது அந்தக் கொழுந்துத் துண்டைத் தனியாக ஏற்றிப் பாருங்கள். வரிசை, ரோல், ஃபங்ஷன் எல்லாம் எழும்பும். வரிசையையும் ஃபங்ஷனையும் இணைக்கும் ஈவண்ட் சோர்ஸ் மேப்பிங்கில் சிவப்பு விழக்கூடும்: ஃபங்ஷனின் ரோலுக்கு ரிசீவ் மெசேஜ் அனுமதி இல்லை என்று. டெம்ப்ளேட்டில் அந்த அனுமதி தெளிவாக இருக்கிறது. முழு டெம்ப்ளேட்டாக இருந்தவரை எந்தப் பிரச்சினையும் வரவில்லை. பிறகு ஏன்?

காரணம் வளங்கள் எழும்பும் ஒழுங்கு. பெரிய டெம்ப்ளேட்டில் ஃபங்ஷன் டேட்டாபேஸ் முகவரிக்காகக் காத்திருந்தது. அந்த 10 நிமிடத்தில் ஐ.ஏ.எம். பொலிசி (அனுமதிகளின் பட்டியல்) நிதானமாக ஒட்டி முடிந்திருந்தது. இப்போது முகவரி பராமீட்டராக வருவதால், ஃபங்ஷன் உடனே எழும்புகிறது. தனி வளமாக எழுதிய பொலிசி ரோலில் ஒட்டுவதற்கு முன்பே மேப்பிங் ஓடிவிடுகிறது. மேப்பிங்குக்கு டிபெண்ட்ஸ்ஆன் போட்டுப் பொலிசியைச் சுட்டுங்கள், அல்லது பொலிசியை ரோலுக்குள்ளேயே எழுதுங்கள். டேட்டாபேஸின் தாமதத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த பிழை இது. சிறு துண்டாக ஏற்றியதால்தான் வெளியே வந்தது.

அதே இடத்தில் இன்னொன்றும் வரும். வரிசையின் விசிபிலிட்டி டைம்அவுட் (எடுத்த செய்தி மறைந்திருக்கும் நேரம்) முன்னிருப்பாக 30 விநாடி. ஃபங்ஷனின் டைம்அவுட் (அது ஓடக்கூடிய அதிகபட்ச நேரம்) அதைவிடக் கூடினால் மேப்பிங் உருவாகாது. ஃபங்ஷனின் நேரத்தைப் போல 6 மடங்கு வைக்கச் சொல்வது ஏ.டபிள்யூ.எஸ்.ஸின் பரிந்துரை.

படி 9: துண்டை உண்மையான தரவால் தட்டிப் பாருங்கள்

ஸ்டாக் பச்சையாக முடிந்தால் வளங்கள் எழும்பின என்று மட்டும்தான் பொருள். வரிசையில் ஒரு செய்தியைப் போடுங்கள்: தொழிலாளியின் இலக்கம், நிறை 18.4 கிலோ, பைக்குக் கழிப்பது 0.5, நிறுவை எடுத்த நேரம், நிறுவைக்கான தனி இலக்கம். டேட்டாபேஸில் 17.9 என்று ஒரு வரி விழ வேண்டும். 17 என்றோ 18 என்றோ விழுந்தால் எங்கோ எண் வெட்டப்படுகிறது. நாளுக்கு இத்தனை கிலோ என்ற அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். ஆனால் எங்கேயும் கொழுந்து பறித்த அம்மாவுக்கு அன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் சம்பளமா பாதியா) என்பது இந்த எண்ணில்தான் இருக்கிறது. நான் வேகமான சோதனையை இவ்வளவு வற்புறுத்துவது இதற்காகத்தான். ஒரு சோதனைக்கு அரை மணி நேரம் பிடித்தால், யாரும் தசம இடத்தைச் சோதிக்க மினக்கெட மாட்டார்கள். ஒரு நிமிடம் என்றால் சோதிப்பார்கள்.

அப்புறம் அதே செய்தியை இரண்டாம் தடவை அனுப்புங்கள். மலைச்சரிவில் சிக்னல் விட்டுவிட்டு வரும். பதில் வராத ஃபோன் அதே நிறுவையை மறுபடி அனுப்பும். சாதாரண எஸ்.கியூ.எஸ். வரிசையே சில வேளை ஒரு செய்தியை இரண்டு தடவை கொடுக்கும். தனி இலக்கத்தை வைத்து டேட்டாபேஸ் இரண்டாவதைத் தள்ள வேண்டும். வரி ஒன்றுதான் இருக்க வேண்டும். நிறை இல்லாத ஒரு செய்தி, மைனஸ் நிறையுள்ள ஒரு செய்தி என்றும் அனுப்பி, அவை டெட் லெட்டர் வரிசைக்கு (தோற்ற செய்திகள் சேரும் இடம்) போகின்றனவா என்று பாருங்கள்.

படி 10: மாலையில் அழித்துவிடுங்கள்

நாட் கேட்வே சும்மா நின்றாலும் மணிக்கணக்கில் காசு ஓடும். ஆர்.டி.எஸ். அப்படித்தான். எல்லாச் சோதனை ஸ்டாக்குக்கும் உரிமையாளர் பெயரை டேக்காகப் போடுங்கள். அழிக்கும்போது மூன்று இடங்களில் சிக்கலாம். பக்கெட்டில் ஏதாவது இருந்தால் அது அழியாது, முதலில் காலி செய்ய வேண்டும். தனி ஆர்.டி.எஸ். டேட்டாபேஸுக்கு டிலீஷன் பொலிசி எழுதாவிட்டால், அழியும்போது ஸ்னாப்ஷொட் (தரவின் பிரதி) எடுத்து வைப்பதே முன்னிருப்பு. சோதனை டேட்டாபேஸ்களின் ஸ்னாப்ஷொட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். வி.பி.சி.க்குள் இருக்கும் லம்டா அழியும்போது அதன் நெட்வேர்க் இன்டர்ஃபேஸ் விடுபட நெடுநேரம் எடுக்கலாம். பதறாமல் விடுங்கள், அது தானாக முடியும்.

டெராஃபோர்மும் சி.டி.கே.யும்

டெராஃபோர்மில் டார்கெட் என்ற தெரிவு உண்டு. ஒரு வளத்தையும் அது சார்ந்தவற்றையும் மட்டும் ஏற்றும். அவசரத்துக்கு மட்டும் பாவியுங்கள். டெராஃபோர்மின் சொந்த ஆவணமே அதை வழக்கமான வேலைக்கு வேண்டாம் என்கிறது. தினசரிச் சோதனைக்குத் தனித்தனி ஸ்டேட் (எழும்பிய வளங்களின் பதிவு) உள்ள தனிக் கோப்புறைகளே சரி; வெட்டும் விதி மேலே சொன்னதுதான்.

மலையகத்தில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிளவுட்ஃபோர்மேஷன் அமேசோனின் பக்கத்தில் ஓடுகிறது. ஏற்றிவிட்ட பிறகு உங்கள் இணைப்பு போனாலும் அது தன் பாட்டில் முடிக்கும். டெராஃபோர்ம் உங்கள் லேப்டொப்பில் ஓடுகிறது. நடுவில் இணைப்பு போனால், எழும்பிய வளம் ஸ்டேட்டில் பதியாமல் போகலாம், ஸ்டேட்டின் பூட்டும் விழுந்தபடியே நிற்கலாம். ஸ்டேட்டைத் தொலைவில் எழுத முடியாதபோது அது கோப்புறையில் எரர்ட் டி.எஃப். ஸ்டேட் என்ற ஃபைலை விட்டுச் செல்லும். அதை அழிக்காமல், இணைப்பு வந்ததும் ஸ்டேட் புஷ் மூலம் மேலே ஏற்றுங்கள். தென்மேல் பருவப்பெயர்ச்சி மழைக் காலத்தில் அப்ளையை (ஏற்றும் கட்டளை) லேப்டொப்பில் ஓடவிடாமல், சி.ஐ. (வேலைகளைத் தானாக ஓடவிடும் முறைமை) வழியாகவோ, தொலைவிலுள்ள ஒரு சிறிய சேர்வரில் இணைப்பு அறுந்தாலும் கட்டளையை நிறுத்தாத டீமக்ஸுக்குள்ளோ ஓடவிடுவது நல்லது. சிறு துண்டுகள் இங்கேயும் கைகொடுக்கும்: ஒரு நிமிடத்தில் முடியும் அப்ளை நடுவில் அறுபடும் வாய்ப்புக் குறைவு.

சி.டி.கே.யில் எக்ஸ்க்ளூசிவ்லி என்ற தெரிவு, சார்ந்த ஸ்டாக்குகளைத் தொடாமல் கேட்ட ஸ்டாக்கை மட்டும் ஏற்றும். ஹொட்ஸ்வொப் என்ற தெரிவு லம்டா நிரலைக் கிளவுட்ஃபோர்மேஷனைச் சுற்றிக்கொண்டு நேரடியாக மாற்றிவிடும். வேகம் அபாரம். ஆனால் ஸ்டாக்குக்கும் உண்மைக்கும் இடையே வேறுபாட்டை வேண்டுமென்றே உண்டாக்கும் வழி அது. உற்பத்தியில் ஒருபோதும் வேண்டாம்.

படி 11: இரவில் முழுவதையும் எழுப்புங்கள்

துண்டுச் சோதனையில் தெரியாமல் போவதும் உண்டு. பொது டேட்டாபேஸில் எப்போதோ கையால் திறந்துவிட்ட ஒரு விதி, டெம்ப்ளேட்டில் இல்லாமலே எல்லாருக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். பராமீட்டர் ஸ்டோரில் யாரோ கையால் எழுதிய ஒரு மதிப்பை, எந்தத் துண்டும் உருவாக்காமலே எல்லாத் துண்டுகளும் வாசித்துக்கொண்டிருக்கும். இவை ஒன்றுமில்லாத ஏ.டபிள்யூ.எஸ். கணக்கில் எல்லாத் துண்டுகளையும் ஒழுங்காக எழுப்பினால்தான் தெரியும்.

அதை சி.ஐ.யில் இரவு வேலையாக வையுங்கள்: நெட்வேர்க், டேட்டாபேஸ், ஃபங்ஷன், அறிக்கைப் பக்கம் என்று வரிசையாக எழுப்பி, படி 9இல் அனுப்பிய அதே செய்திகளை அனுப்பி, எண்களைச் சரிபார்த்து, எதிர்த்திசையில் அழிக்க வேண்டும். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கும் கிரொன், யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுவது வழக்கம். இலங்கை நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. நள்ளிரவு 1 மணிக்கு ஓட வேண்டுமென்றால் முந்தைய நாள் 19:30 என்று எழுதுங்கள். அழிக்கும் கட்டம் சோதனை தோற்றாலும் கட்டாயம் ஓடும்படி அமைத்துவிடுங்கள். தோற்ற இரவின் நிகழ்வுப் பட்டியலை ஒரு ஃபைலாகச் சேமிக்கவும் அதே இடத்தில் ஒரு வரி சேர்த்தால், காலையில் ஸ்டாக் போயிருந்தாலும் காரணம் கையில் இருக்கும்.